கையோவா போன இடத்தில் ஷேடோ

கேள்வி: ஹெலிகாப்டர் வைத்திருந்த ராணுவப் பிரிவுகளுக்கு இப்போது ட்ரோன் கொடுக்கிறார்களாமே, உண்மையிலேயே எங்காவது நடந்திருக்கிறதா?
– வாசகர், அரக்கோணம்

நடந்திருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையின் 6-வது குதிரைப்படை ரெஜிமென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1861-ல், உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம், குதிரைகளோடு ஆரம்பித்த படை அது. அப்புறம் கவச வண்டி, 1970-களில் ஹெலிகாப்டர். பெயரில் குதிரை அப்படியே நிற்கிறது, வேலையும் அதேதான்: படைக்கு முன்னால் போய் எதிரி எங்கே இருக்கிறான் என்று வேவு பார்த்துச் சொல்வது.

அந்த வேலைக்கென்றே இருந்தது கையோவா வாரியர் என்ற சின்ன ஹெலிகாப்டர். இரண்டே பேர், மேலே சுழலும் இறக்கைகளுக்கும் மேல் ஒரு உருண்டை, அதற்குள் கேமரா. மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த உருண்டையை மட்டும் நீட்டிப் பார்ப்பார்கள். ஆப்கானிஸ்தானில் கதவைக் கழற்றிவிட்டு, தரையை ஒட்டிப் பறந்து, துப்பாக்கியை வெளியே நீட்டிச் சுட்ட விமானிகள் இவர்கள்தான். கீழே மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கு அந்தச் சத்தம் எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்!

பணம் குறைந்தபோது கையோவாவுக்கு ஓய்வு கொடுக்க முடிவெடுத்தார்கள். 2015-ல் டெக்சஸின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் வைத்திருந்த ஒரு பட்டாலியனை 6-வது குதிரைப்படையின் 3-வது ஸ்குவாட்ரனாக (பிரிவாக) பெயர் மாற்றி, கையோவாவின் வேவு வேலைக்காக 24 அப்பாச்சிகளோடு 12 ஷேடோ ட்ரோன்களையும் சேர்த்தார்கள். ஷேடோ அனுப்பும் வீடியோவை அப்பாச்சி விமானி தன் இருக்கையிலேயே பார்க்க முடிந்தது. கையோவா இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பறக்கும், ஷேடோவின் பிந்தைய வகைகள் ஒன்பது மணி நேரம்வரை தாங்கும். ஆனால் அதைத் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டத்தில் வைத்து ஏவ வேண்டும், இறங்க ஓடுபாதை வேண்டும், சத்தமும் அதிகம்.

கேள்வி: அப்படியானால் பழைய விமானிகள் ட்ரோன் ஓட்டப் போனார்களா?
– அதே வாசகர்

பெரும்பாலும் இல்லை, எனக்கு வருத்தமும் அதில்தான். அமெரிக்கத் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுவது அதிகாரிகள், ஷேடோவை இயக்கியது சிப்பாய்கள். கையோவா விமானிகளில் சிலர் அப்பாச்சிக்கும் பிளாக் ஹாக் என்ற போக்குவரத்து ஹெலிகாப்டருக்கும் மாறினார்கள், பலர் வேலையை விட்டே போனார்கள். தாழப் பறந்து நிலத்தைப் படிக்கும் அந்தத் தேர்ச்சியை ஒரு தலைமுறை சேர்த்து வைத்திருந்தது. அதைப் புதியவர்களுக்குக் கைமாற்ற ஒழுங்கான ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் ஷேடோவையும் விலக்கப்போவதாக அறிவித்தார்கள். கையோவாவுக்கு வாரிசாக வரவிருந்த புது வேவு ஹெலிகாப்டர் திட்டத்தையும், 200 கோடி டாலருக்குக் குறையாமல் செலவழித்த பிறகு, அன்றே ரத்து செய்தார்கள். உக்ரைன் போர்க்களம் வான்வழி வேவையே மாற்றிவிட்டது என்பது அப்போதைய தரைப்படைத் தளபதி ராண்டி ஜார்ஜ் சொன்ன காரணம்.

நீங்கள் கேட்ட முழு மாற்றத்துக்கு ஜப்பானைக் கவனியுங்கள். தாக்குதல் ஹெலிகாப்டர்களையும் கண்காணிப்பு ஹெலிகாப்டர்களையும் விலக்கி, அந்த வேலையை ட்ரோன்களுக்குக் கொடுப்பதென்று 2022 டிசம்பரிலேயே முடிவெடுத்துவிட்டார்கள்.