டேட்டாபேஸுக்கு முன்னால் எந்தத் திரை?

கேள்வி: மொத்த மருந்து விற்பனை செய்கிறோம். ஆறு பேர் ஒரே அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஃபைலைத் திறந்து பில் போடுகிறோம்; ஃபைல் அடிக்கடி கெட்டுப்போகிறது. அக்சஸை விட்டுவிடலாமா?

திரைகள், அதாவது நீங்கள் பில் போடும் படிவங்கள், அக்சஸிலேயே இருக்கட்டும்; டேட்டாவை மட்டும் வெளியே எடுங்கள். ஃபைல் பொது ஃபோல்டரில் இருந்தாலும் அக்சஸின் எஞ்சின் ஓடுவது ஒவ்வொருவர் கணினியிலும்தான். ஒருவர் சேமிக்கும்போது வைஃபை ஒரு கணம் விட்டால் போதும், ஃபைல் கெடும். ஒரே நேரத்தில் 255 பேர், ஃபைல் அளவு 2 ஜிபி என்ற அக்சஸின் உச்சவரம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அன்றாட பில்லிங்கில் அதற்கு வெகு முன்பே திணறும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுவி, டேபிள்களை அங்கே மாற்றி, ஓடிபிசி (மென்பொருளையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பாலம்) வழியாக அக்சஸோடு இணையுங்கள். பழைய படிவங்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் எண் அல்லது குறி) வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அக்சஸில் பார்க்க முடியும், திருத்த முடியாது. படிவங்கள் உள்ள ஃபைலை ஆறு கணினிகளிலும் தனித்தனி நகலாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊழியர்கள் பிஎச்பி-மைஅட்மினிலேயே (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை பிரவுசரில் நேரடியாகத் திறக்கும் கருவி) விலைகளைத் திருத்துகிறார்கள். தவறா?

இன்றே நிறுத்துங்கள். அது நிர்வாகிக்கான கருவி. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், அப்டேட் கட்டளையில், எந்தப் பதிவுகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) பகுதி விடுபட்டு, எல்லாச் சரக்குக்கும் ஒரே விலை ஏறிவிட்டது. முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றி, அன்றைய பில்களை எல்லாம் மறுபடி அடித்தோம். உங்களுக்கு ஜாங்கோ அட்மின் (பைத்தான் மொழியின் ஜாங்கோவோடு வரும் ஆயத்த நிர்வாகத் திரை) பொருந்தும். அதன் இன்ஸ்பெக்ட்-டிபி கட்டளை, ஏற்கெனவே இருக்கும் டேபிள்களைப் படித்து மாடல்களை (டேபிள்களை ஜாங்கோவுக்கு விவரிக்கும் நிரல்) எழுதித் தரும். யார், எப்போது, எந்தப் பதிவைத் திருத்தினார் என்பதும் பதிவாகும். ஆனால் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது போன்ற விதிகளைத் திரையில் மட்டும் எழுதாமல் டேட்டாபேஸிலும் எழுதுங்கள். நாளை வேறு திரை வந்தாலும் விதி மாறாது.

கேள்வி: ஆரக்கிள் ஃபார்ம்ஸ் 6ஐ-யிலிருந்து (ஆரக்கிள் டேட்டாபேஸுக்குத் திரைகள் செய்யும் பழைய கருவி) எங்கே போவது?

ஏபெக்ஸ், பிரவுசரில் ஓடும் திரைகளைச் செய்ய ஆரக்கிளே தரும் கருவி. ஆரக்கிள் உரிமத்துக்குள்ளேயே அடங்கும், தனிக் கட்டணம் இல்லை. முதலில் ஃபார்ம் டிரிகர்களில் (திரையில் ஏதாவது நடக்கும்போது ஓடும் நிரல்கள்) உள்ள கணக்குகளை பிஎல்/எஸ்க்யூஎல் பேக்கேஜ்களுக்கு (டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் நிரல் தொகுப்புகள்) நகர்த்துங்கள். மாற்றம் முடியும்வரை பழைய திரையும் புதிய திரையும் அந்த பேக்கேஜ்களையே அழைக்கலாம்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வர்) தமிழ்ப் பெயர்கள் '????' என்று வருகின்றன. திரையின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. விண்டோஸின் பழைய கோட்-பேஜ்களில் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்கள்) தமிழுக்கு இடமே இல்லை. அதனால் அவற்றை நம்பியிருக்கும் வழக்கமான வார்கேர் (varchar) வகை நெடுவரிசையில் தமிழ் தங்காது. யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் என்வார்கேருக்கு (nvarchar) மாற்றுங்கள், கட்டளையில் நேரடியாக எழுதும் சொற்களுக்கு முன் 'என்' (N) எழுத்தைச் சேருங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிவானவை மீளாது. விண்ணப்பப் படிவங்களைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.