லேப் தேர்வில் நேரம் எங்கே போகிறது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் நெட்வொர்க் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். சிஸ்கோவின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேப் தேர்வுக்குத் தயாராகிறேன். பாடமெல்லாம் தெரிகிறது. ஆனால் 5 மணி நேரப் பயிற்சி லேபை முடிக்க 7 மணி நேரம் ஆகிறது. வேகமாகச் செய்தால் தப்பு வருகிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: டைப்பிங் வேகத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். அடுத்த பயிற்சியின்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒவ்வொரு டாஸ்க்குக்கும் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: கேள்வியைப் படிக்க எவ்வளவு, கான்ஃபிகர் செய்ய எவ்வளவு, பிறகு திருத்த எவ்வளவு. நான் பயிற்சி கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாவதுதான் நேரத்தை விழுங்குகிறது. உங்களுக்கும் அந்த 2 மணி நேரம் அங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் புரோட்டோகால்களான ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி இரண்டுக்கும் நடுவே இரண்டு ரவுட்டர்களில் ரீடிஸ்ட்ரிபியூஷன் செய்கிறீர்கள், அதாவது ஒன்றின் ரூட்டுகளை மற்றதற்குள் விடுகிறீர்கள். இஐஜிஆர்பியில் எக்ஸ்டர்னலாக (வெளியிலிருந்து) வந்த ரூட்டின் டிஸ்டன்ஸ், அதாவது நம்பகத்தன்மை எண், 170. அதையே முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃபுக்குள் விட்டால், இரண்டாவது ரவுட்டருக்கு அது 110 என்று போய்ச் சேரும். குறைந்த எண்ணை நம்பும் அந்த ரவுட்டர், ரூட்டைத் திரும்ப இஐஜிஆர்பிக்குள்ளேயே தள்ளிவிடும். அந்த நேரம் பிங் போகும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். நான்கு டாஸ்க் தாண்டி பிஜிபி (வெளி நெட்வொர்க்குகளோடு வழி பரிமாறும் புரோட்டோகால்) நிலையில்லாமல் ஆடும்போது, பிஜிபியில் தப்பு தேடி அரை மணி நேரம் வீணாகும். ரீடிஸ்ட்ரிபியூட் செய்யும்போதே டேக் (அடையாள எண்) போட்டு, எதிர்த்திசையில் அந்த டேகைத் தடுத்துவிட்டு, இரண்டு ரவுட்டர்களின் ரூட்டிங் டேபிளையும் பார்த்த பிறகு நகர்ந்தால், செலவு இரண்டு மூன்று நிமிடம்தான்.

அதனால் ஒவ்வொரு டாஸ்க்கையும் முடித்த கையோடு சரிபாருங்கள். எந்த ஷோ கமாண்டில் (ரவுட்டரின் நிலையைக் காட்டும் கட்டளை) எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது கான்ஃபிகர் செய்யும் முன்பே மனதில் இருக்க வேண்டும். முழு ஷோ ரன்னையும் (ரவுட்டரின் மொத்த கான்ஃபிகரேஷன்) மேலிருந்து கீழே படிக்கும் பழக்கத்தை விடுங்கள். அறிகுறியைப் பார்த்ததும் காரணம் தோன்ற வேண்டும். ஓஎஸ்பிஎஃப் நெய்பரே தெரியவில்லையா? ஏரியா, டைமர், மாஸ்க், ஆதென்டிகேஷன். நெய்பர் உறவு பாதியில், எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் நிற்கிறதா? முதலில் எம்டியு, அதாவது பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. உறவு ஃபுல் ஆகியும் ரூட் வரவில்லையா? இரண்டு பக்கமும் நெட்வொர்க் டைப் ஒன்றுதானா பாருங்கள். இப்படி ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் நோட்ஸ் இதற்கு உதவாது.

கமாண்டுகளை நோட்பேடில் எழுதி ரவுட்டரில் ஒட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒட்டும் முன் ரவுட்டர் ஐடியையும் நெய்பர் முகவரியையும் ஒரு தடவை பாருங்கள். ஒரே ரவுட்டர் ஐடி இரண்டு ரவுட்டரில் போய் உட்கார்ந்தால் மறுபடி திருத்த வேண்டிவரும்.

அப்புறம், ஒரே லேபைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். வேகம் கூடியதுபோல் தெரியும், ஆனால் விடை மனப்பாடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதே தேர்வுக்குப் படிக்கும் ஆபீஸ் நண்பர் இருந்தால், உங்கள் லேபில் அவர் வேண்டுமென்றே தப்பு வைத்து உடைக்கட்டும், அவருடையதை நீங்கள் உடையுங்கள். இதற்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்விட்ச் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. ரேம் தாராளமாக உள்ள ஒரு கம்ப்யூட்டரும் ரவுட்டர்களைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் சிஎம்எல் அல்லது இவ்-என்ஜி மென்பொருளும் போதும்.

தேர்வு மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன்; அதில் ரவுட்டரே கிடையாது, விடை கொடுத்துவிட்டால் பின்னால் போகவும் முடியாது. அடுத்த 5 மணி நேரம்தான் கைவேலை. இரண்டிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்பதால் டிசைனையும் நேரம் வைத்துப் பழகுங்கள்; நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். கைவேலைப் பகுதியில் ஒரு டாஸ்க் 15 நிமிடம் இழுத்தால் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். லேயர் 2 (ஸ்விட்ச் அடுக்கு), ஐஜிபி (ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி போன்றவை) இரண்டுக்கும் இந்த விதி பொருந்தாது, மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. க்யூஓஎஸ் (டிராஃபிக் முன்னுரிமை) போன்றவை காத்திருக்கலாம்.

நைட் ஷிஃப்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வு பகலில். உங்கள் உடம்போ அந்த நேரத்தில் தூங்கிப் பழகியது. கடைசி இரண்டு மணி நேரத்தில் கவனம் சிதறும். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமாவது டே ஷிஃப்ட் கேளுங்கள், கிடைக்காவிட்டால் லீவு போடுங்கள். முழு லேபையும் காலையில் உட்கார்ந்து செய்து பாருங்கள். பெங்களூரு மையத்தில் எழுதுவதாக இருந்தால், சென்ட்ரலிலிருந்து ராத்திரி மெயிலில் ஏறி விடியற்காலை இறங்கி நேரே தேர்வுக்குப் போக வேண்டாம். முந்தைய நாள் பகல் ரயிலிலேயே போய்விடுங்கள்.