ஏர்போர்ட் வருகிறதாம், உச்சிப்புளியில் இரண்டு மனை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் உச்சிப்புளி பக்கம். வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். இன்னும் இரண்டு வருடத்தில் ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்கிறார். வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ டெபாசிட்டில் 28 லட்சம் இருக்கிறது. தனியார் பைனான்ஸில் நகைக்கடன் 4 லட்சம் பாக்கி. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் புதிதாக மனை போட்டிருக்கிறார்கள். ஒரு மனை 5 சென்ட், சென்ட் இரண்டரை லட்சம். பாம்பன் பாலம் வந்துவிட்டது, நான்கு வழிச்சாலை வருகிறது, ஏர்போர்ட் வருகிறது, பின்னாலேயே கம்பெனிகளும் வரும், ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார் புரோக்கர். இரண்டு மனையையும் வீட்டுக்காரர் பெயரிலேயே முடித்துவிடலாமாம். ஆடி முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் இந்த விலை. கொடுக்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் சகோதரி. ஆடி போனால் ஆவணி வரும், மனையும் அங்கேயேதான் இருக்கும். புரோக்கர் சொன்னதில் முழுப் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் எந்த ரயிலும் மண்டபத்தைத் தாண்டவில்லை என்பது உங்களுக்கே தெரியும். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்ததும் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அறுந்துபோன பழைய இணைப்பு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் வருகிறவர் ராமேஸ்வரத்தில் இறங்கித் தீர்த்தமாடி, அறை எடுத்துத் தங்கிவிட்டுத் திரும்புகிறார். உச்சிப்புளியில் இறங்கி வாடகைக்கு வீடு தேடப் போவதில்லை.

நான்கு வழிச்சாலை விஷயத்தில் புரோக்கர் உங்கள் கண்ணில் மண்ணைத் தூவுகிறார். 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது பரமக்குடி–ராமநாதபுரம் பகுதிக்கு. 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய். மதுரையிலிருந்து பரமக்குடி வரை ஏற்கெனவே நான்கு வழி இருக்கிறது. உங்கள் மனை ராமநாதபுரத்தையும் தாண்டிக் கிழக்கே அல்லவா இருக்கிறது? அந்த ஒப்புதலில் உங்கள் ஊர் இல்லை. நாளைக்கே அங்கும் சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று வையுங்கள், அப்போது ரோட்டை ஒட்டிய மனைக்குத்தான் முதல் ஆபத்து. நிலம் எடுத்தால் இழப்பீட்டை அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துப் பதிவுப் பத்திரங்களையும் பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியைக் கையில் கொடுத்தவருக்கு அந்த மீதி போனதுதான். மனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்று புரோக்கர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏர்போர்ட்டுக்கு வருவோம். ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அறிவிப்புக்குப் பிறகு இடத் தேர்வு, விமான நிலைய ஆணையத்தின் ஆய்வு, மத்திய அரசின் கொள்கை அளவிலான அனுமதி, நிலம் எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி என்று படிகள் நிறைய. ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் இழுக்கக்கூடியது. இன்னொன்று, உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கட்டடம் கட்ட உயரக் கட்டுப்பாடும் தடையில்லாச் சான்றும் வரும். விமானம் பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

கடைசியாகக் கம்பெனிகள். நிலத்தின் விலையை உண்மையில் தூக்குவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் தூத்துக்குடி. 1974-இல் பெருந்துறைமுகம் என்ற தகுதி கிடைத்தது, உர ஆலை வந்தது, அனல்மின் நிலையம் வந்தது, சாலையும் ரயிலும் சரக்கைச் சுமந்து பெருத்தன. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாயிற்று. சம்பளம் வாங்குகிற ஆள் அங்கே முதலில் வந்தான். அவனுக்கு வீடு, கடை, பள்ளிக்கூடம் தேவைப்பட்டதால்தான் மனை விலை ஏறியது. நம் ராமநாதபுரம் மாவட்டத்திலும் கோடிகள் இறங்கியிருக்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், வழுதூரில் எரிவாயு மின் நிலையம். இரண்டிலும் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. உப்பூரில் தலா 800 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகளோடு அனல்மின் நிலையம் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனது. அதை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் இடம் வாங்கியவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மீன், இறால், உப்பு, கோயிலுக்கு வரும் யாத்ரீகர், வெளிநாட்டிலிருந்து வரும் பணம், இவைதான் இன்றைக்கும் நம் கரையின் பிழைப்பு. இதில் உச்சிப்புளிக்கு வாடகைக்குக் குடிவர யார் இருக்கிறார்கள்?

இப்போது கணக்கு. இரண்டு மனை 25 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 2.25 லட்சம். புரோக்கருக்கு 2 சதவீதம் என்றால் 50,000. ஆக 27.75 லட்சம் மண்ணுக்குள் போகிறது. அதே பணம் ஆறரை சதவீத வட்டியில் கிடந்தால் ஐந்து வருடத்தில் சுமார் 38 லட்சம். நிலத்தை விற்று, லாபத்துக்கு 12.5 சதவீத வரியும் கட்டிய பிறகு கையில் 38 லட்சம் நிற்க வேண்டுமானால் மனைகள் 39.5 லட்சத்துக்கு விலை போக வேண்டும். இரண்டரை லட்சத்துச் சென்ட் கிட்டத்தட்ட நான்கு லட்சத்தைத் தொட்டால்தான் டெபாசிட்டுக்குச் சமம். அதற்கு மேல் போனால்தான் லாபம். அந்த விலைக்கு வாங்க ஆளும் வேண்டும். லேஅவுட்டில் விற்காத மனைகளைக் கையில் வைத்திருக்கும் முதலாளியே உங்களுக்குப் போட்டியாக இருப்பார்.

வீட்டுக்காரர் பெயரில் பதிவு செய்வது பற்றி. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. அந்த இடம் ஆவணத்தில் இன்னும் புஞ்சையாகவே இருந்தால், கல் நட்டுச் செம்மண் ரோடு போட்டுவிட்டதால் மட்டும் அது வீட்டுமனை ஆகிவிடாது. நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டரை, அதாவது பன்னிரண்டு சென்ட் சொச்சத்தை, தாண்டிய லேஅவுட் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். இருந்தால் வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம் எடுத்து, பழைய கண்மாய் நீர்பிடிப்பு எதுவும் உள்ளே வருகிறதா என்று ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போய்ப் பாருங்கள். கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பொங்கும்போது தண்ணீர் ஏறும் எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் பாயும். கரையை ஒட்டிய பட்டையில் புது வீடே கட்ட முடியாது. தண்ணீரையும் போர் போட்டவர் வீட்டில் வாங்கி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உவர்ப்பு என்றால் காலம் முழுக்கக் குடத்துக்குக் காசு.

என் யோசனை இதுதான். முதலில் 4 லட்சத்து நகையைத் திருப்புங்கள். தனியார் பைனான்ஸ் வட்டி உங்கள் டெபாசிட் வட்டியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு வருடம் நிறையாத என்ஆர்இ டெபாசிட்டை உடைத்தால் வட்டியே கிடைக்காது, ஆகவே பழைய ரசீதாகப் பார்த்து உடையுங்கள். மகன் படிப்புக்கு 8 லட்சத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அவர் வந்து ஏசி சர்வீஸ் கடை போடுவதாக இருந்தால் அதற்கு 5 லட்சம். ராமேஸ்வரத்து லாட்ஜுகளே அவருக்குப் போதுமான வாடிக்கை. பாலத்தாலும் ரயிலாலும் உங்கள் குடும்பத்துக்கு நேராக வரக்கூடிய வருமானம் அங்கேதான் எனக்குத் தெரிகிறது.

மிச்சம் 11 லட்சம். மண் வாங்கியே தீர வேண்டுமென்றால் ராமநாதபுரம் டவுனை ஒட்டி, பட்டணம்காத்தான் பக்கம் சின்னதாக ஒன்று பாருங்கள். கலெக்டர் ஆபீஸும், 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிற ஊர், வாடகைக்கு ஆள் வரும். விலை உச்சிப்புளியைவிடக் கூடுதல்தான், சென்ட் கணக்கு குறையும், பரவாயில்லை. உங்கள் பெயரில் பதியுங்கள். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. சரியான இடம் அமையவில்லையென்றால் டெபாசிட்டிலேயே கிடக்கட்டும்.

அவர் நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்கு எழுதிக் கொடுத்து என்ஆர்இ கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அதன்பின் அந்த வட்டிக்கு வரிவிலக்கு கிடையாது. ஆனால் இந்தத் தொகைக்கு வரும் வட்டி, புதிய வரி முறையில் வரி கட்டத் தேவையில்லாத 12 லட்ச வருமான வரம்புக்குள் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம்.