மரம் செதுக்கும் சிஎன்சி: மின்கோளாறு கேள்வி பதில்

கணினி தரும் கட்டளைப்படி செதுக்கும் இயந்திரமே சிஎன்சி. வீட்டுப் பட்டறையில் ஓடும் 3018 என்ற சிறு வகை இயந்திரங்கள், ஆர்டுயினோ என்ற சிறு போர்டில் ஜிஆர்பிஎல் என்ற இயக்க நிரலை ஏற்றி ஓட்டும் இயந்திரங்கள் ஆகியவற்றின் வயரிங், பவர் சப்ளை, டிரைவர் (மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் சிறு பலகை), கட்டுப்பாட்டு போர்டு பற்றிப் பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன் எல்லோருக்கும் ஒன்று: மின்சாரம் இருக்கும்போது, அச்சுகளைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் வயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. காயிலில் ஓடும் மின்னோட்டம் திடீரென்று அறுபடும்போது எழும் மின்னழுத்தம் டிரைவரை எரித்துவிடும்.

சேலம்: செதுக்கல் பாதியில் இருக்கும்போது கணினித் தொடர்பு அறுந்துவிடுகிறது. புது போர்டு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா சார்?

வாங்காதீர்கள். முதலில் குற்றவாளியைப் பிரித்தெடுங்கள். அதே வேலையை ஸ்பிண்டிலை (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரை) நிறுத்திவிட்டு வெறும் காற்றில் ஓட்டுங்கள். அது முடிவு வரை ஓடினால், ஸ்பிண்டிலைச் சுழலவிட்டு மீண்டும் காற்றில் ஓட்டுங்கள். அடுத்து மரத்தில், தூசி உறிஞ்சியை இயக்காமல். கடைசியில் உறிஞ்சியோடு. எந்தப் படியில் அறுகிறதோ அங்கேதான் நோய்.

ஸ்பிண்டில் சுழன்றதும் அறுந்தால், காரணம் பெரும்பாலும் ஸ்பிண்டிலாக இருக்கும் 775 வகை மோட்டாரின் பிரஷ் பொறிகள். மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒவ்வொன்று எனப் பற்றவையுங்கள். பெரிய மதிப்பு வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட்டுக்கு அது சுமை. ஸ்பிண்டில் வயரையும் யுஎஸ்பி வயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். யுஎஸ்பி வயர் குட்டையாக, ஃபெரைட் உருளையோடு இருக்கட்டும். மடிக்கணினியை ஒருமுறை பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால், சார்ஜர் வழியாக எர்த் சுற்று ஒன்று உருவாகியிருக்கிறது.

உறிஞ்சியை இயக்கும்போது மட்டும் அறுந்தால், பிளாஸ்டிக் குழாயில் உரசிப் போகும் உலர்ந்த மரத்தூள் நிலைமின்னைச் சேர்க்கிறது. குழாயின் உள்ளே வெறும் செம்புக் கம்பி ஒன்றை ஓட்டி எர்த்தில் இணையுங்கள்.

தம்மம்பட்டி: ஒய் அச்சு நகராமல் அதே இடத்தில் உறுமி அதிர்கிறது.

ஒரு காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. மின்சாரத்தை நிறுத்துங்கள். நான்கு வயரில் இரண்டிரண்டு ஒரு ஜோடி. ஜோடிக்குள் சில ஓம்கள் காட்ட வேண்டும், ஜோடிகளுக்கிடையே எதுவும் காட்டக் கூடாது. அளக்கும்போது வயரை வளைத்து ஆட்டுங்கள். நாள் முழுக்க வளைந்து நிமிரும் வயரில் உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். மோட்டார் நன்றாக இருந்தால், மின்சாரம் இல்லாத நிலையிலேயே எக்ஸ், ஒய் மோட்டார்களின் இணைப்பை இடம் மாற்றுங்கள். இப்போது எக்ஸ் அச்சின் இணைப்பில் மாட்டிய அதே மோட்டார் அதிர்ந்தால் தவறு மோட்டாரிலோ வயரிலோ. ஒய் இணைப்புக்கு வந்த மோட்டார் அதிர்ந்தால் டிரைவரில்.

கும்பகோணம்: 10 மில்லிமீட்டர் சொன்னால் 20 போகிறது.

எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படி என்று சொல்லும் $100, $101, $102 அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். சுற்றுக்கு 200 படி மோட்டார், ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் என்றால் 3200; அதைத் திருகுத்தண்டு ஒரு சுற்றில் நகர்த்தும் தூரத்தால் வகுங்கள். 4 மில்லிமீட்டருக்கு 800, 8 மில்லிமீட்டருக்கு 400.

ஈரோடு: எதுவும் தொடாமலேயே "அலாரம் 1" வந்து நிற்கிறது.

அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்சின் வயர் மின் இரைச்சலைப் பிடிக்கிறது. போர்டின் உள்ளிருக்கும் புல்-அப் (உள்ளீட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோஓம் வரைதான். நீளமான வயருக்கு அது பலவீனம். உள்ளீட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோஓம், உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். சுவிட்சை இயல்பில் மூடியிருக்கும் முனைகளில் இணைத்து, சுவிட்சின் நிலையைத் தலைகீழாக வாசிக்கச் சொல்லும் $5 அமைப்பை மாற்றுங்கள். வயர் அறுந்தால் இயந்திரம் உடனே நிற்கும் என்பதால் அதுவே பாதுகாப்பும்கூட. இசட் சுவிட்ச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஷீல்டில் (ஆர்டுயினோ மேல் மாட்டும், டிரைவர்கள் செருகும் பலகையில்) அச்சிட்ட பழைய பெயரை நம்பாதீர்கள்: ஜிஆர்பிஎல் 0.9 முதல் இசட் லிமிட் 12ஆம் பின்னுக்குப் போய்விட்டது, 11ஆம் பின் ஸ்பிண்டில் வேகத்துக்கு.

மதுரை: அலுமினியச் சட்டத்தைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. போர்டில் கசிவா?

வீட்டு எர்த்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் (இயந்திரத்தின் பவர் சப்ளை) உள்ளே இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும். இல்லாவிட்டால் சட்டம் 230 வோல்ட்டின் பாதியில் மிதக்கும். எர்த் முள்ளிலிருந்து சட்டம் வரை மல்டிமீட்டரில் 1 ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திருகு உட்காரும் இடத்தில் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

திருப்பூர்: எங்கள் பழைய வீட்டில் எர்த்தே கிடையாது. பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் இணைத்தேன், சுரீர் நின்றுவிட்டது. மதுரைக்காரரும் அப்படியே செய்யலாமே?

கூடாது. உங்கள் வீட்டிலும் இன்றே அந்தத் துண்டு வயரை எடுத்துவிடுங்கள். சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது தளர்ந்து விட்டுப்போனால், எஸ்எம்பிஎஸ் வழியாக வந்த ஃபேஸ் திரும்பிப் போக வழியின்றி உங்கள் இயந்திரத்தின் சட்டத்தில் நிற்கும். அப்போது 230 வோல்ட், ஃபியூஸும் போகாது. பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட்டுகள் சகஜம். அப்படி ஒன்றில் உங்கள் பிளக்கைச் செருகினால் சட்டம் நேரடியாக ஃபேஸில் இருக்கும்.

திருப்பூர்: டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டும் ஒன்றாகத்தானே இணைகின்றன ஐயா? எலக்ட்ரீஷியனே அப்படித்தான் சொன்னார்.

அங்கே இணைகின்றன, உண்மை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உங்கள் பிளக்குக்கும் நடுவே எத்தனை கம்பங்கள், எத்தனை திருகுகள், எத்தனை சுவிட்சுகள்! எர்த் தனி வழியாக வருவதே, நியூட்ரல் கைவிட்டாலும் அது கைவிடக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டையும் உங்கள் முனையில் கட்டிவிட்டால் உயிர் காக்கும் அந்த இரண்டாவது வழி இல்லாமல் போகிறது. பட்டறைக்குள் பிள்ளைகளும் வருவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நாகர்கோவில்: எர்த் இருக்கிறதா என்று அறிய ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்க்கலாமே?

அதையும் செய்யாதீர்கள். எர்த் மண்ணுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தால், பல்பு வழியாக வரும் ஃபேஸ் அந்த எர்த் வயரில் இணைந்த குளிர்பெட்டி, கிரைண்டர் எல்லாவற்றின் உடலிலும் ஏறும். அந்த நேரத்தில் சமையலறையில் யார் எதைத் தொடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உரிமம் பெற்றவரை அழைத்து எர்த் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லையென்றால் குழி தோண்டி எலக்ட்ரோடு பதித்து, கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். இயந்திரத்துக்குச் செலவழித்தவர் இதற்கும் செலவழிக்க வேண்டும்.

திருச்சி: தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டலாமா?

கூடாது. குழாய் எங்கேயோ பிவிசியாக மாறியிருக்கும். எர்த் பற்றி இதோடு நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கரூர்: பாதியில் கணினித் தொடர்பு அறுகிறது.

சேலத்துக்குச் சொன்னதை முழுவதும் படியுங்கள்.

ஓசூர்: "எரர் 9" என்று வருகிறது.

அலாரத்தில் பூட்டியிருக்கிறது. ஹோமிங் (இயந்திரம் தானே தொடக்க இடத்தைத் தேடும் வசதி) இருந்தால் $H, இல்லையென்றால் $X.

வேலூர்: சிற்பம் வரைய எந்த மென்பொருள் நல்லது?

அது என் துறை இல்லை. உங்கள் ஊரில் கதவு செதுக்கும் பட்டறையில் கேளுங்கள்.

தஞ்சாவூர்: விஎஃப்டி (ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் மின்பெட்டி) வைத்த ஸ்பிண்டிலுக்கு மாறுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் (உலோக உறை சுற்றிய கேபிள்) மட்டும் போடுங்கள். அது லிமிட் சுவிட்ச் வயருக்கு இணையாக ஓட வேண்டாம், குறுக்கே கடந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மின்சாரத்தை நிறுத்தியதும் விஎஃப்டியின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். மூடியில் அச்சிட்ட நேரம் முழுவதும் காத்திருந்து, மீட்டரில் அளந்த பிறகே கை வையுங்கள்.

திண்டுக்கல்: மோட்டார் வயரைச் சும்மா கழற்றி மாட்டினேன், அதிலிருந்து அந்த அச்சு அசையவில்லை.

மின்சாரம் இருக்கும்போதா? முதல் வரியே அதற்காகத்தான் எழுதினேன். டிரைவரை மாற்றுங்கள்.

திண்டுக்கல்: ஏ4988 டிரைவர் கிடைக்கவில்லை, கையில் டிஆர்வி8825 டிரைவர் இருக்கிறது. போடலாமா?

போடலாம். பொட்டென்ஷியோமீட்டர் (மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகு) இருக்கும் பக்கத்தைப் பார்த்துச் செருகாதீர்கள். இரண்டிலும் அது எதிரெதிர்ப் பக்கம். எனேபிள் பின்னை ஷீல்டின் எனேபிளோடு பொருத்துங்கள். தலைகீழாகச் செருகினால் டிரைவர் போய்விடும், போர்டும் போகலாம். அந்தத் திருகில் வைக்கும் மின்னழுத்தமும் வேறு: ஏ4988இல் ஆர்100 என்று அச்சிட்ட ரெசிஸ்டர் இருந்தால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், டிஆர்வி8825இல் 0.5 வோல்ட். பழைய 0.8ஐயே வைத்தால் 1.6 ஆம்பியர் ஓடும். ஷீல்டில் டிரைவருக்குரிய மூன்று ஜம்பரும் மாட்டியிருந்தால் இது 32 மைக்ரோஸ்டெப். அந்த அச்சின் படி எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள்.