ஒரு கோர்ட்டில் ஆறு பிள்ளைகள்: பேட்மிண்டன் வகுப்பு கட்டுப்படியாகுமா?

கேள்வி: கல்லூரி அணியில் பேட்மிண்டன் ஆடியிருக்கிறேன். மாலை நாலரைக்கு வேலை முடிந்துவிடும். எங்கள் ஊரில் உள்ளரங்கக் கோர்ட் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசை. எத்தனை பேரைச் சேர்ப்பது, எவ்வளவு வாங்குவது?

பதில்: ஒரு கோர்ட்டுக்கு ஆறு பேர். இந்த எண்ணில்தான் உங்கள் வருமானமும் இருக்கிறது, பிள்ளைகள் மூன்றாவது மாதமும் வருவார்களா என்பதும் இருக்கிறது.

வாரம் மூன்று நாள், மாதம் 12 வகுப்பு என்று வையுங்கள். உதாரணத்துக்கு வாடகை மணிக்கு 300 ரூபாய் என்றால் மாதம் 3,600. ஷட்டிலுக்கு 1,200. ஆக 4,800 செலவு. தலைக்கு 1,500 கட்டணம் வாங்கினால் மூன்று பேருக்கு 300 ரூபாய் கைக்காசு போகும். நான்கு பேருக்கு 1,200 மிஞ்சும், ஆறு பேருக்கு 4,200. உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள்.

உரிமையாளரிடம் முதலில் பங்குமுறை கேளுங்கள். கட்டணத்தில் 40 சதவீதம் அவருக்கு என்றால், நான்கு பேர் இருக்கும்போது 2,400தான் கொடுப்பீர்கள். மேலே சொன்ன கணக்கில் ஆறு பேர் வந்ததும் பங்கும் வாடகையும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் இரண்டாவது பேட்ச் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் நிலையான வாடகைக்கு மாறுங்கள். பெரியவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் கோர்ட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். ஐந்து மணி காலியாகக் கிடந்தால் பேரம் உங்கள் பக்கம்.

பத்துப் பேரைச் சேர்த்தால் 15,000 வருமே என்று தோன்றும். வரும், இரண்டு மாதம். வரிசையில் நின்றுவிட்டு ஓர் அடி அடித்துத் திரும்பும் பிள்ளை வீட்டுக்குப் போய் "போர் அடிக்குது" என்று சொல்லும். பெற்றோர் காரணம் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். ஆறு பேரிலும் யாரும் சும்மா நிற்கக்கூடாது: இருவர் வலைக்கு அருகே, இருவர் சுவரில் அடித்தபடி, இருவர் கால் நகர்வுப் பயிற்சியில். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் உடல் சூடேற்றல், 25 நிமிடம் இந்தச் சுற்று, 10 நிமிடம் நிழல் ஆட்டம் (ஷட்டில் இல்லாமல் அசைவுகள் மட்டும்), கடைசி 15 நிமிடம் புள்ளி வைத்து ஆட்டம். ஆட்டத்தை மட்டும் வெட்டாதீர்கள். அதற்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் நன்றாக ஆடியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். முதல் நாளே தலைக்கு மேல் அடிக்கும் ஓவர்ஹெட் அடியைக் கற்றுக்கொடுப்பார்கள். ராக்கெட்டைத் தோசைக்கரண்டி பிடிப்பது போலப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அது பழகிவிட்டால், பிறகு பிடியைத் திருத்த மாதக்கணக்காகும். முதல் மூன்று வாரம் வலைக்கு அருகேயே நில்லுங்கள். கையால் ஷட்டிலைப் போடுங்கள். கட்டைவிரலைக் கைப்பிடியின் தட்டைப் பக்கத்தில் வைக்கும் கட்டைவிரல் பிடியும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் V எழுத்துப் போல நிற்கும் வி வடிவப் பிடியும் மாறி மாறி வரட்டும். 8 வயதுக்கு உட்பட்டவர்கள் கைப்பிடியில் கொஞ்சம் மேலே பிடிக்கட்டும், அல்லது சிறுவர் ராக்கெட் வாங்கச் சொல்லுங்கள். உலக பேட்மிண்டன் கூட்டமைப்பின் 'ஷட்டில் டைம்' திட்டத்தில் 22 பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் ஆறு மாதத்துக்கு அதையே பின்பற்றலாம்.

ஷட்டில் நைலானே போதும். இறகு ஷட்டிலைப் பிள்ளைகள் விளிம்பில் அடித்து ஒரே வகுப்பில் உடைத்துவிடுவார்கள். வெப்பத்தில் ஷட்டில் வேகமாகப் பறக்கும். ஆகவே நம் ஊருக்குப் பச்சை வளையம் போட்ட மெதுவான வகையை வாங்குங்கள். கடைக்காரர் நடுத்தர வேகமுள்ள நீலத்தைத்தான் எடுத்து நீட்டுவார்.

அடிபடுவது விழுந்து மட்டுமல்ல, பக்கத்துப் பிள்ளையின் ராக்கெட்டாலும்தான். இரண்டு கை நீள இடைவெளி விடுங்கள். யாராவது அடித்துக்கொண்டிருக்கும்போது ஷட்டில் பொறுக்க ஓடக்கூடாது; கண்ணில் பட்டால் விபரீதம். தடித்த அடிப்பாகமுள்ள ரன்னிங் ஷூவில் கணுக்கால் எளிதில் மடங்கும், ரப்பர் அடிப்பாகமுள்ள கோர்ட் ஷூவைக் கட்டாயமாக்குங்கள். வெறும் சிமென்ட் தரை என்றால் அந்த இடமே வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு உண்டா என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கட்டும். பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், பெற்றோர் குழுவில் மட்டும் போடுங்கள். படம் எடுக்க அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்கவேண்டாம்.

தனியார் வகுப்பு நடத்தச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. பள்ளிகளில் நுழைய நினைத்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு கைகொடுக்கும். "ஆறு மாதத்தில் மாவட்ட அணி" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் மாதக் கடைசியில் பத்து சர்வ் போடச் சொல்லி, எத்தனை சரியான கட்டத்தில் விழுந்தன என்று குறித்துப் பெற்றோருக்கு அனுப்புங்கள். 3 ஆக இருந்தது 7 ஆனதைப் பார்த்தவர் அடுத்த மாதக் கட்டணத்துக்கு யோசிக்கமாட்டார்.

கட்டணம் 5ஆம் தேதிக்குள், முன்பணமாக. கோர்ட் மூடினால் மாற்று வகுப்பு உண்டு. பிள்ளை வராவிட்டால் பணம் திரும்பாது, மாதம் இரண்டு வகுப்பு வரை வேறு பேட்சில் ஈடு செய்யலாம். சேரும் அன்றே இதை எழுத்தில் கொடுங்கள். மே மாதக் கோடை முகாமில் கூட்டம் தள்ளும், ஜூனில் பாதி கரையும். காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வு மாதங்களிலும் வருகை குறையும், வாடகை குறையாது. ஆகவே கோர்ட்டை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுக்காமல் மாதாமாதம் எடுங்கள். மே வருமானத்தில் இரண்டு மாத வாடகையைத் தனியே எடுத்து வையுங்கள்.