தண்ணீர் இல்லாத அபார்ட்மென்டில் கார் டீடெய்லிங்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயது 31. காட்பாடியில் வாடகை அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தோல் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர் வேலை. கைக்கு வருவது 24,000 ரூபாய். மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ், சம்பளம் 19,000. 3 வயதில் பெண் குழந்தை. வாடகை 11,000 உட்பட மாதம் 36,000 செலவாகிறது. வங்கியில் 1,80,000 இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, வீடு தேடிப் போய்க் கார் டீடெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் தொழில் தொடங்க ஆசை. பழைய ஆம்னி வேன், 300 லிட்டர் டேங்க், பிரஷர் வாஷர், ஜெனரேட்டர், பாலிஷர் எல்லாம் சேர்த்து 4,30,000 ஆகும். சேமிப்பு போக மீதி 2,50,000-க்குத் தன் நகையை வைத்துக்கொள்ளச் சொல்லி மனைவியே சொன்னார். வாட்டர் வாஷ் 600, உள்பக்கம் முழுச் சுத்தம் 1,500 என்று விலை போட்டிருக்கிறேன். நாளுக்கு 3 கார், 26 நாள் என்றால் வாஷிலேயே 46,800 வரும். சிக்கல் ஒன்றுதான். பார்க்கிங்கில் கார் கழுவக் கூடாது, பொதுத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று அசோசியேஷன் செயலாளர் சொல்லிவிட்டார். இங்கே இருந்துகொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியுமா? நகையை வைக்கலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம். வேலையையும் இப்போது விட வேண்டாம். ஆனால் தொழிலைத் தொடங்குங்கள், இந்த மாதமே தொடங்கலாம். அதற்கான வழி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 46,800-ஐப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 3 கார் கழுவ உங்கள் கைக்கு முடியும், வேலூர் வெயில் விடாது. மார்ச் பாதியிலிருந்தே காலை 10 மணிக்கு மேல் வெயிலில் நிற்கும் காரின் பானெட்டில் கை வைக்க முடியாது. கத்திரி வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சூடான தகட்டில் ஷாம்பு போட்டால் அலசுவதற்குள் காய்ந்துவிடும். அதோடு நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இடம் கிடைத்ததே பெரிது என்று பகல் 12 மணிக்கு ஓர் இடத்தில் என் காரைக் கழுவக் கொடுத்தேன். துடைக்க ஆள் வருவதற்குள் தண்ணீர் தானாகவே காய்ந்துவிட்டது. மறுநாள் சந்தனம் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், பானெட் முழுக்க அரிசி அளவில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். நகத்தால் சுரண்டியும் போகவில்லை. தண்ணீரில் இருந்த கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதே வேலை வாடிக்கையாளர் காரில் உங்கள் கையால் நடந்தால், 600 ரூபாய் வாங்கிய காருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கைப்பணம் போடுவீர்கள்.

ஆக, கோடையில் கழுவுவதற்கு உகந்த நேரம் காலை 6 முதல் 9:30, சாயங்காலம் 4:30 முதல் 6:30. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மேகத்தைப் பார்த்தவுடனே ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று போன் வரும். மீதி நாளில் எல்லோரும் ஞாயிறு காலையைத்தான் கேட்பார்கள். முதல் வருடம் மாதத்துக்கு 40 கார் வந்தால் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

600 ரூபாயில் ஷாம்பு, துணி 60, தண்ணீரும் ஜெனரேட்டர் பெட்ரோலும் 50, வேன் ஓட 60 போனால் மிச்சம் 430. 40 காருக்கு 17,200. இதில் நகைக் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலே மாதம் 2,500. பழைய வேனின் ரிப்பேர், டயர், இன்சூரன்ஸ் வகைக்கு 3,000 ஒதுக்குங்கள். கையில் நிற்பது 11,700. நகையை மீட்க அசல் சேர்ப்பது இன்னும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. குழாயை விரித்து, கழுவி, சுருட்டி, அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு காருக்கு 2 மணி நேரம் ஆகும். மணிக்கு 150 ரூபாய்கூடத் தேறவில்லை.

அந்த 1,80,000-ஐ முதல் என்று நினைக்காதீர்கள். மாதம் 36,000 செலவு இருக்கும் வீட்டில் அது 5 மாதத்துக்கான சாப்பாடு. வேலையை விட்டால் உங்கள் மனைவியின் 19,000-த்தில் குடும்பம் ஓட வேண்டும். மாதம் 17,000 துண்டு விழும். சேமிப்பும் வேனாக மாறியிருக்கும், நகையும் பெட்டியில் இருக்காது. குழந்தைக்கு ஒரு காய்ச்சல் என்றால் யாரிடம் போய் நிற்பீர்கள்? தன் நகையைத் தானாகவே எடுத்துக் கொடுக்க முன்வந்த மனைவி உங்களுக்குக் கிடைத்த பெரிய பலம். அந்தப் பலத்தை முதல் மாதத்திலேயே செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சரி, அப்புறம் என்ன வழி? நீங்கள் தோல் ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிறீர்கள். கார் கழுவ ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கார் சீட்டைத் தொட்டுப் பார்த்து இது தோல், இது ரெக்சின் என்று சொல்கிற ஆள் டீடெய்லிங் தொழிலில் எத்தனை பேர்? லெதர் சீட் என்று காசு கொடுத்து வாங்கிய பல கார்களில் உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சின். கவரின் அடியில் வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தால் தோலில் நார் தெரியும், ரெக்சினில் துணி நெசவு தெரியும். இது உங்களுக்குப் பால பாடம், கார்க்காரருக்கு ஆச்சரியம். கார் சீட்டுத் தோலின் மேல் பெரும்பாலும் நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும், அதனால் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் உள்ளே இறங்காது, மேலே நின்று தூசியைத்தான் பிடிக்கும் என்பதை உங்களைவிட நன்றாக யார் விளக்க முடியும்? வெளிர் நிறச் சீட்டில் ஜீன்ஸ் நீலம் ஏறியிருந்தால் எந்த அளவுக்குத் தேய்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்கள் விரலுக்கே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலாலேயே பிழைக்கும் வட்டாரம் இது. அந்தக் கைப்பழக்கத்தை விட்டுவிட்டு ஏன் குழாயைப் பிடிக்கப் போகிறீர்கள்?

உள்பக்க வேலைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். நிழலில் செய்யலாம், பகல் 2 மணிக்கும் செய்யலாம், மழை நாளில் வாடிக்கையாளர் வீட்டு போர்ட்டிகோவில் செய்யலாம். மழைக்காலத்தில்தான் இதற்குத் தேவையே கூடும். கார்ப்பெட் நனைந்து பூஞ்சை பிடித்து, கதவைத் திறந்தாலே வாடை அடிக்கும். சபரிமலை சீசனில் போய்வந்த கார்களின் உள்ளே விபூதி, சந்தனம், பூச்சருகு, மண் எல்லாம் இருக்கும். குழந்தை வாந்தி எடுத்த பின்சீட்டுக்கு எந்த மாதமும் கிடையாது.

கருவி என்று பார்த்தால் தண்ணீரையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர், சின்ன ஸ்டீம் கிளீனர், பிரஷ் வகைகள், மைக்ரோஃபைபர் துணிகள், நல்ல தோல் கிளீனர், நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர், ஒரு எல்இடி விளக்கு. 35,000-க்குள் முடித்துவிடலாம். இரண்டு பையில் அடங்கி பைக்கில் போகும், வீட்டில் ஒரு அலமாரியில் உட்காரும். உங்கள் 1,500 ரூபாய் விலையில் பொருளுக்கு 200, பெட்ரோலுக்கு 50 போனால் 1,250 நிற்கும். போக்குவரத்தோடு மூன்றரை மணி நேரம் என்றால் மணிக்கு 350-க்கு மேல். ஞாயிறு இரண்டு, ஷிஃப்ட் முடிந்த ஒரு நாளில் ஒன்று என்று வாரம் 3 கார் செய்தாலே மாதம் 15,000, சம்பளத்துக்கு மேலே. போட்ட 35,000 மூன்றாவது மாதத்தில் திரும்பிவிடும். உங்கள் வேலை நியமனக் கடிதத்தில் வெளிவேலை பார்க்கக் கூடாது என்று இருக்கிறதா என்று மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

செயலாளர் மேல் கோபம் வேண்டாம். லாரித் தண்ணீருக்கு எல்லோரும் பங்கு போட்டுக் காசு கொடுக்கிற கட்டடத்தில் ஒருவர் தொழிலுக்கு எடுத்தால் மற்றவர் சும்மா இருக்க மாட்டார். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது நம் பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது ஞாபகம் இருக்கும். தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர் அப்படித்தான். நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதியே கொடுங்கள்: பார்க்கிங்கில் வேலை இல்லை, பொதுத் தண்ணீரும் பொது மின்சாரமும் எடுக்க மாட்டேன், மண்ணெண்ணெய், பெட்ரோல், ஜெனரேட்டர் எதுவும் வீட்டில் வைக்க மாட்டேன். வேலை நடக்கும் இடத்தில் கரண்ட்டை வாடிக்கையாளர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துகிறார் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. வீட்டு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. முன்சீட்டின் அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர். அங்கே ஈரம் போகக் கூடாது, கழற்றவும் கூடாது. இன்னொன்று பாலிஷர். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட், மைக்ரான் கணக்கில் மிக மெல்லியது. ஓரங்களில் ஒரு விநாடி அதிகம் நின்றால் எரிந்துவிடும், அந்தப் பேனலையே பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் பாலிஷர் வாங்காதீர்கள். வேலை தொடங்கும் முன், காரைச் சுற்றி வந்து ஏற்கெனவே இருக்கும் கீறல், கிழிசலை உரிமையாளர் முன்னாலேயே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். உங்கள் பைக்கின் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசியில் வியாபாரப் பொருள் ஏற்றிப் போவது பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காகித வேலை அதிகம் இல்லை. மானியத்தோடு வரும் அரசுக் கடன்கள் பெரும்பாலும் புதுத் தொழிலுக்குத்தான். அதனால் எதையும் பதிவு செய்வதற்கு முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். காசு கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இந்த வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்காது, ஆனாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். பின்னால் வேனுக்குக் கடன் கேட்கப் போகும்போது வங்கி மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான். இடையில் சின்னத் தொகை தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிஷு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். ஆத்திர அவசரத்துக்குக்கூடக் கந்து வட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஜிபே வரவு எல்லாம் அதில் விழட்டும், பொருள் செலவு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். வேலையை எப்போது விடலாம் என்பதை அந்தக் கணக்கே சொல்லும். தொடர்ந்து 6 மாதம், அதில் ஒரு நவம்பரும் இருக்க வேண்டும், எல்லாச் செலவும் போக மாதம் 20,000-க்குக் குறையாமல் நின்றால் ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். பாதி நேர வேலையிலேயே அவ்வளவு வந்தால் முழுநேரம் இறங்கும்போது சம்பளத்தைத் தாண்டிவிடுவீர்கள். வேனும் டேங்கும் அதற்குப் பிறகு, தொழில் சம்பாதித்த காசில். டேங்க் பொருத்துவதற்கு முன் ஆர்டிஓ அனுமதி கேட்க மறக்காதீர்கள்.

ஒரு விஷயம் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா? 21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள், கணவருக்கும் குழந்தைக்கும் சேர்த்தே மருத்துவ வசதி உண்டு. இருந்தால், நீங்கள் வேலையை விடும் நாளில் பெரிய பயம் ஒன்று குறையும். இல்லையென்றால் முதல் மூன்று மாத வரவில் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் அடுத்த கருவி.

முதல் காராக யாருடையதைச் செய்வது என்றால், செயலாளருடையதைக் கேட்டுப் பாருங்கள். கட்டடத்துக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை அவர் கண்முன்னால் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சொந்தக் கட்டடம் என்று இலவசமாகச் செய்யாதீர்கள், 1,500 ரூபாயையே சொல்லுங்கள். அந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை கார் நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.