நீட் ரிப்பீட்டரா, பி.ஏ. ஆங்கிலமா? குடியாத்தத்து அம்மாவுக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட்டில் மதிப்பெண் போதவில்லை. “டாக்டர் படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குது, நகையை வச்சாவது இன்னொரு வருஷம் கோச்சிங்ல போடு” என்கிறாராம் பெரியப்பா. மகளோ பி.ஏ. ஆங்கிலம்தான் என்கிறாள். “இங்கிலீஷ் பேசவே தடுமாறுறா சார், அதையே போய்ப் படிச்சா என்ன ஆவா?”

பயப்படாதீர்கள் அம்மா, கைமீறிப் போன விஷயம் எதுவும் இல்லை. ஆறுதல் இவ்வளவுதான். மகளிடம் தனியாகப் பேசினேன். உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே எரிச்சலாக இருக்கிறது என்றாள். அப்படிப்பட்ட பிள்ளையை இன்னொரு வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வைப்பதற்கு ஒதுக்கீடு ஒரு காரணமே இல்லை. தறி ஓட்டிச் சேர்த்த நகையை அதற்காக அடகு வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இன்ஜினியரிங், நர்சிங் பற்றியெல்லாம் சொல்ல உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்டதில் நியாயமான கவலை ஒன்று உண்டு. அவளுக்கு ஆங்கிலச் சொற்கள் போதாது. அதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்போ, சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கும் தடிப் புத்தகமோ வாங்காதீர்கள். பட்டியலில் படித்த சொல் பரீட்சை வரைக்கும்கூடத் தங்காது. கதை என்றால் சோறு தண்ணீர் மறக்கிற பெண் அவள். ஒரே ஒரு பழைய நாவலை ஒரு வருஷம் படிக்கட்டும்.

நான் சொல்வது சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. காப்புரிமை முடிந்த நூல். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம், லிப்ரிவாக்ஸில் ஒலி வடிவமும் இலவசம். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் 36 வாரம் தொடர்கதையாக வந்தது. மொத்தம் 59 அத்தியாயம். அன்று வாசகர்கள் படித்த வேகத்திலேயே, வாரம் ஒன்றிரண்டு அத்தியாயமாக இவளும் படிக்கலாம்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு தடவை படிக்கட்டும். முதல் தடவை அகராதியைத் தொடக் கூடாது. காதில் கேட்டுக்கொண்டே படித்துவிட்டு, நடந்ததை உங்களிடம் தமிழில் சொல்லட்டும். சொல்ல வரவில்லையா, சுருக்கப் பதிப்பு ஒன்றைப் படித்துவிட்டு மூலத்துக்கு வரட்டும், அதில் வெட்கமில்லை. இரண்டாம் தடவை பத்துச் சொல்லுக்கு மேல் அடிக்கோடு வேண்டாம். நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் வாக்கியம் முழுவதையும் எழுதி, அதன் பிறகு ஆங்கில-ஆங்கில அகராதியைப் பார்க்கட்டும்.

எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் இதில் வித்தை. இரண்டாம் அத்தியாயத்தையே பாருங்கள். சிறுவன் பிப்பை வளர்க்கும் அக்கா மகா கோபக்காரி. அடித்து முடித்ததும் அவனைத் தூக்கிக் கணவன் ஜோ மேல் எறிகிறாள். தான் அடிக்கடி அவளுக்கு ஒரு ‘கன்னூபியல் மிசைல்’ (connubial missile) ஆக இருந்தேன் என்கிறான் பிப். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் பறக்கும் ஏவுகணை! சிரித்ததுமே பொருள் பதிந்துவிடும், ஆனால் அந்தச் சொல்லை அவள் எங்கும் எழுதப்போவதில்லை. புரிந்தால் போதும். கொஞ்சம் தள்ளி, அதே அக்கா ரொட்டியை மார்போடு அழுத்திப் பிடித்து அறுக்கும் விதத்தை ‘ட்ரென்சன்ட்’ (trenchant) என்கிறார் டிக்கன்ஸ். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசும் விமர்சனத்துக்கு ஆங்கில நாளிதழ் தலையங்கங்களில் இன்றும் வருகிற சொல் அது. அதை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஆள் யாரையாவது வைத்துச் சொந்த வாக்கியம் எழுதட்டும். ஒரு மாதம் கழித்து நோட்டில் சொல்லை மறைத்துவிட்டு நீங்களே கேளுங்கள். ஜோவின் பேச்சு வேண்டுமென்றே கொச்சையாக எழுதப்பட்டது, அதைப் பார்த்து எழுதப் பழக வேண்டாம்.

யாரோ கொடுக்கும் பணத்தில் லண்டனில் கனவானாகி, கடனில் விழுந்து, வளர்த்த கொல்லன் ஜோவைக் கண்டே வெட்கப்படுகிறவன் பிப். பெரியப்பாவும் ஒரு தடவை படிக்கலாம்.

படித்து முடித்தால் என்ன வேலை? பி.எட். போட்டு, தகுதித் தேர்வும் எழுதி ஆசிரியராவதை எல்லாரும் சொல்வார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக ஆய்விதழ்களைத் திருத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் இருப்பதை யாரும் சொல்வதில்லை. வாக்கியத்தில் பிசிறு எங்கே என்று கண்டுபிடிக்கும் கண்ணைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

செலவுக் கணக்கு: ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். உங்கள் ஊர் திருமகள் ஆலைக் கல்லூரி, வேலூர் ஓட்டேரி முத்துரங்கம் கல்லூரி இரண்டும் அரசுக் கல்லூரிகள். விண்ணப்பத்தில் இரண்டையும் போடுங்கள். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை, எனவே மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசித் தேதி தாண்டிவிடாமல் பாருங்கள். பெரியப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.